போட்டி தொடங்க ஏழு வாரம்: லண்டன் நீதிமன்றத்தில் விரைவு விசாரணை கேட்பது எப்படி?

கேள்வி: சிங்கப்பூரில் ஓர் ஓடிடி நிறுவனத்தில் விளையாட்டு உரிமைகள் வாங்கும் பிரிவில் இருக்கிறேன். ஒரு கால்பந்துத் தொடரை எங்கள் பகுதியில் நாங்கள் மட்டும் ஒளிபரப்பும் உரிமையை லண்டன் நிறுவனம் ஒன்றிடம் பேசி முடித்தோம். விலை, ஆட்டங்களின் எண்ணிக்கை, பணம் கட்டும் தேதி எல்லாம் மின்னஞ்சலில் ஒப்புக்கொள்ளப்பட்டன. அவர்கள் அனுப்பிய இரண்டு பக்க விதிமுறைச் சுருக்கத்தில் இங்கிலாந்துச் சட்டம், இங்கிலாந்து நீதிமன்றம் என்றும் இருக்கிறது. விரிவான ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை. இப்போது வேறொருவர் கூடுதல் விலை தருகிறார் என்று பின்வாங்குகிறார்கள். தொடர் தொடங்க ஏழு வாரம்தான் இருக்கிறது. வழக்கு முடிய ஓராண்டுக்கு மேல் ஆகும் என்கிறார்களே, சீக்கிரம் விசாரிக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்க முடியுமா? பத்து நாளாகப் பேச்சு நடக்கிறது. இன்னும் ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறது எங்கள் நிர்வாகம்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

கேட்க முடியும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் கிடைக்கவும் வாய்ப்பு இருக்கிறது. ஆனால் நிர்வாகம் சொல்வதுபோல் ஒரு மாதம் பொறுத்தால் கிடைக்காது. விரைவு விசாரணை மனுவில் நீதிபதி முதலில் பார்ப்பது உங்கள் நாட்காட்டியைத்தான். உரிமை மறுக்கப்படுகிறது என்று தெரிந்த நாளிலிருந்து நீங்கள் என்ன வேகத்தில் நடந்தீர்கள் என்று கேட்பார். மனுதாரரே சாவகாசமாக இருந்திருந்தால், வரிசையில் காத்திருக்கும் மற்ற வழக்குகளை ஒதுக்கிவிட்டு இதை முன்னே எடுக்க நீதிமன்றத்துக்குக் காரணமே இல்லை.

விரைவு விசாரணையை இடைக்காலத் தடையோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இடைக்காலத் தடை என்பது வழக்கு முடியும்வரை நிலைமையை அப்படியே நிறுத்தி வைப்பது. விரைவு விசாரணையில் வழக்கு முழுதாகவே நடக்கும். சாட்சி, குறுக்கு விசாரணை, இறுதித் தீர்ப்பு எல்லாம் உண்டு, காலம்தான் சுருக்கப்படுகிறது. ஒளிபரப்புத் தகராறுக்கு இரண்டாவதுதான் பெரும்பாலும் பொருந்தும். சில வாரமே நடக்கும் தொடரில் இடைக்காலத் தடையோடு நின்றால், அந்த உத்தரவே நடைமுறையில் இறுதித் தீர்ப்பாகிவிடும். அப்படிப்பட்ட நேரத்தில் வழக்கின் வலுவையும் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்பது 1979-லேயே, அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொன்னது. அரைகுறை ஆவணங்களை வைத்து அப்படி முடிவெடுப்பதைவிட, மூன்று நான்கு வாரத்தில் உண்மையான விசாரணையே நடத்திவிடலாம் என்று நீதிபதிகள் நினைப்பது இயல்பு.

நீதிமன்றம் கேட்கும் கேள்விகள் நான்கு. கோர் எதிர் ஜியாக்ஸ் என்ற 2008-ஆம் ஆண்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பில் இவை தொகுக்கப்பட்டன. விரைவுபடுத்த நல்ல காரணம் உண்டா? மற்ற வழக்குகளின் நடப்பு இதனால் கெடுமா? எதிர்த்தரப்புக்குப் பாதகம் வருமா? வேறு தனிக் காரணங்கள் ஏதும் உண்டா? முதல் கேள்வியைத் தாண்டினால்தான் மற்ற மூன்றுக்கும் வேலை. அவசரம் உங்கள் மனதில் இருந்தால் போதாது, வெளியிலிருந்து பார்ப்பவருக்கும் தெரிய வேண்டும். ‘எங்கள் வணிகத்துக்கு இது மிக முக்கியம்’ என்பது காரணம் ஆகாது. வணிக நீதிமன்றத்துக்கு வரும் எல்லோருக்கும் அவரவர் வழக்கு முக்கியம்தான். ‘குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு இந்த உரிமைக்கு மதிப்பே இல்லை’ என்பது காரணம்.

அந்தத் தேதி எது என்பதில் பலர் தவறு செய்கிறார்கள். முதல் ஆட்டத்தின் நாளை மனுவில் எழுதிவிடுகிறார்கள். உண்மையில் உங்களுக்குத் தீர்ப்பு தேவைப்படும் நாள் அதற்கு வெகு முன்பே வந்துவிடும். சிக்னலைக் கொண்டுவர ஃபைபர் அல்லது செயற்கைக்கோள் வழியைப் பதிவு செய்ய வேண்டும். வர்ணனையாளர்களை அமர்த்த வேண்டும். உங்கள் நாட்டுக்கு வெளியே படம் போகாதபடி தடுக்கும் ஏற்பாட்டைச் சோதிக்க வேண்டும். விளம்பர நேரத்தை விற்க வேண்டும், சந்தாதாரர்களுக்கு அறிவிக்க வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் ஆகும் என்று உங்கள் தொழில்நுட்பப் பிரிவுத் தலைவர் தனி வாக்குமூலம் தரட்டும். முந்தைய தொடர்களுக்கு நீங்கள் பதிவு செய்த ஆணைகளை அதோடு இணையுங்கள். ‘இன்ன தேதிக்குள் தீர்ப்பு வராவிட்டால் வென்றாலும் ஒளிபரப்ப முடியாது’ என்று ஒரே ஒரு தேதி சொல்ல வேண்டும். அந்தத் தேதியை எதிர்த்தரப்பு தாக்கும். தாக்கினாலும் நிற்கிற தேதியாக இருக்கட்டும். ஒரு வாரத்தைக் கூட்டிக் காட்டி மாட்டிக்கொண்டால் மற்ற எதையும் நீதிபதி நம்பமாட்டார்.

அடுத்து வரும் வாதம், ‘பிறகு நஷ்ட ஈடு வாங்கிக்கொள்ளட்டுமே’ என்பது. இதற்கு உங்கள் பதில் தயாராக இருக்க வேண்டும். உங்கள் பகுதிக்கு நீங்கள் மட்டும் என்ற உரிமையை இழந்தால், வராமல் போன சந்தாதாரர் எத்தனை பேர் என்று எண்ண முடியாது. வந்தவர் அடுத்த ஆண்டும் தங்கியிருப்பாரா என்பதையும் கணக்கிட முடியாது. இதைவிட வலுவான ஆயுதம் ஒன்று அந்த இரண்டு பக்கச் சுருக்கத்திலேயே இருக்கலாம். லாப இழப்புக்குப் பொறுப்பில்லை என்றோ, பொறுப்பு இவ்வளவு தொகைக்கு மேல் போகாது என்றோ ஒரு விதி இருக்கிறதா பாருங்கள். விற்பவர்கள் தங்கள் பாதுகாப்புக்கு வைக்கும் விதி அது. ஆனால் அப்படிப்பட்ட வரம்பு இருப்பதாலேயே நஷ்ட ஈடு போதாது என்று வாதாடலாம் என்று இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்திருக்கிறது. தடையுத்தரவுக்காகச் சொல்லப்பட்டது என்றாலும், விரைவு விசாரணை மனுவிலும் அது அப்படியே உதவும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நீங்களே பணம் கேட்கத் தொடங்கினால் அவசரம் போய்விடும். ஐசிசி ஆட்டங்களின் இந்தியத் தொலைக்காட்சி உரிமை குறித்து ஸ்டார் இந்தியாவும் ஜீயும் லண்டன் நடுவர் மன்றத்தில் மோதியதைப் பாருங்கள். 2024 மார்ச்சில் ஒப்பந்தத்தை நிறைவேற்று என்றும், இல்லையேல் நஷ்ட ஈடு தா என்றும் தொடங்கியது ஸ்டார். ஜூனில் ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டது. அதன்பிறகு அது 94 கோடி டாலர் கேட்கும் பண வழக்கு ஆகிவிட்டது. பண வழக்கு இந்த ஆண்டு முடிந்தாலும் அடுத்த ஆண்டு முடிந்தாலும் தொகையும் வட்டியும் கிடைக்கும். ஆகவே உங்கள் தரப்பு யாரும் கோபத்தில் ‘ஒப்பந்தம் முறிந்தது, நஷ்ட ஈடு கொடுங்கள்’ என்று மின்னஞ்சல் அனுப்பிவிடக் கூடாது. ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது, நாங்கள் பணம் கட்டத் தயார், உரிமையைக் கொடுங்கள் என்பதே ஒவ்வொரு கடிதத்திலும் இருக்க வேண்டும்.

கையெழுத்து இல்லையே என்ற உங்கள் கவலைக்கு வருகிறேன். 2025-இல் லண்டனில் நடந்த ஒரு வழக்கு உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமானது. ஃபிஃபா கிளப் உலகக் கோப்பையின் தென்கொரிய ஒளிபரப்பு உரிமையை டஸோன் நிறுவனம் கொரியாவின் கூபாங்குக்கு 17 லட்சம் டாலருக்குத் தர ஒப்புக்கொண்டதா என்பதே கேள்வி. பேச்சு நடந்தது வாட்ஸ்அப்பிலும் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும். விரிவான ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. தொடர் ஜூன் 14-ஆம் தேதி தொடங்க இருந்ததால் விசாரணை விரைவுபடுத்தப்பட்டது. மின்னஞ்சலிலேயே ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்று உயர் நீதிமன்றம் சொன்னது; மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது, ‘ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை யாரையும் கட்டுப்படுத்தாது’ என்ற பொருள்படும் வாசகம் உங்கள் மின்னஞ்சல்களில் எங்காவது இருக்கிறதா என்று இன்றே தேடுவது. அந்த ஒரு வரி இருந்தால் வழக்கின் வலு பெருமளவு குறைந்துவிடும். உங்கள் சொந்தச் சட்டப் பிரிவு வழக்கமாக மின்னஞ்சலின் அடியில் சேர்க்கும் குறிப்பில்கூட அது ஒளிந்திருக்கலாம்.

இனி விசாரணையைச் சுருக்கும் வேலை. பெரும்பாலான மனுக்கள் தோற்பதும் இங்கேதான். விரைவு வேண்டும் என்று கேட்டுவிட்டு, மூன்று ஆண்டு மின்னஞ்சல்கள் வேண்டும், ஆறு சாட்சிகள், ஒளிபரப்புச் சந்தை பற்றி ஒரு நிபுணர், பத்து நாள் விசாரணை என்று பட்டியல் போட்டால் நீதிபதிக்கு அதைப் பொருத்த நாட்காட்டியில் இடமே இருக்காது. உங்கள் வழக்கில் முடிவாக வேண்டியவை இரண்டுதான்: ஒப்பந்தம் உருவானதா, உருவானால் நிறைவேற்றச் சொல்லலாமா. நஷ்ட ஈட்டுக் கணக்கைப் பின்னால் தள்ளிவைக்க நீங்களே முன்வாருங்கள். ஆவணங்களை இருதரப்பிலும் பேச்சு நடத்தியவர்களின் மின்னஞ்சல், வாட்ஸ்அப் என்ற அளவிலும், பேச்சு தொடங்கிய நாள் முதல் பின்வாங்கிய நாள் வரை என்ற காலத்திலும் நிறுத்துங்கள். சாட்சி தரப்புக்கு இருவர். நிபுணர் வேண்டாம். விசாரணை இரண்டு நாள், அதற்கு முன் நீதிபதி படிக்க அரை நாள். நாள் கணக்கைக் குறைத்துச் சொல்லி, பிறகு நான்கு நாள் ஓடினால் பழி உங்கள் மேல்தான் விழும். ஆகவே இருதரப்பு வழக்கறிஞர்களும் உட்கார்ந்து ஒவ்வொரு சாட்சிக்கும் மணிக்கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

வரைவு உத்தரவை மனுவோடேயே கொடுங்கள். அதைத் தீர்ப்பு நாளிலிருந்து பின்னோக்கி எழுத வேண்டும். உங்களிடம் 49 நாள் இருக்கிறது. ஒளிபரப்பு ஏற்பாட்டுக்கு 10 நாள் ஒதுக்கினால் 39-ஆம் நாளுக்குள் எல்லாம் முடிய வேண்டும். மேல்முறையீட்டுக்கு ஒரு வாரம் விடுங்கள். தோற்றவர் மேல்முறையீட்டு நீதிமன்றத்திடமும் விரைவு கேட்பார். அதற்கு இடமில்லாத அட்டவணையை நீதிபதி நியாயமாகப் பார்க்கமாட்டார். ஆக, தீர்ப்பு 32-ஆம் நாள். விசாரணை 28, 29. வாதச் சுருக்கம் 26. சாட்சி வாக்குமூலங்கள் 22. ஆவணப் பரிமாற்றம் 17. எதிர்வாதம் 10, அதற்குப் பதில் 13. வழக்கும் விரைவு மனுவும் 2-ஆம் நாளுக்குள் ஒன்றாகத் தாக்கல் ஆக வேண்டும், 5-ஆம் நாளுக்குள் மனு நீதிபதி முன் வர வேண்டும். இதில் ஒரு மாதப் பொறுமையை எங்கே செருகுவது என்று நிர்வாகத்திடம் இந்த அட்டவணையைக் காட்டியே கேளுங்கள்.

இங்கிலாந்தில் குறுகிய விசாரணைத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. சிலர் அதைப் பரிந்துரைப்பார்கள். நல்ல திட்டம், ஆனால் அதில் விசாரணை நாள், வழக்கு மேலாண்மைக் கூட்டத்திலிருந்து (வழக்கின் அட்டவணையை நீதிபதி வகுக்கும் நாள்) எட்டு மாதத்துக்குள் என்பதே இலக்கு. தீர்ப்புக்கு மேலும் ஆறு வாரம். பல பருவங்களுக்கான உரிமை என்றால் அது பொருந்தும். ஒரே தொடருக்கு உதவாது.

மனு தாக்கல் செய்யும் முன் எதிர்த்தரப்புக்கு ஒரு கடிதம் போக வேண்டும். பதிலுக்கு 48 மணி நேரம் போதும். ‘விசாரணை முடியும்வரை இந்த உரிமையை வேறு யாருக்கும் தரமாட்டோம்’ என்று அவர்கள் நீதிமன்றத்துக்கு உறுதிமொழி தந்தால் இடைக்காலத் தடையை விட்டுவிடுகிறோம், விரைவு விசாரணைக்கு மட்டும் சேர்ந்து கேட்போம் என்று எழுதுங்கள். பல வழக்குகள் இந்தப் புள்ளியில்தான் ஒழுங்குக்கு வருகின்றன. அவர்களுக்கும் விரைவான முடிவு நல்லது. இல்லையென்றால் புதிதாக வாங்க வந்தவர் காத்திருக்கமாட்டார். உறுதிமொழி தர மறுத்தால் தடை கேட்டே ஆக வேண்டும். அப்போது ஒரு செலவை நிர்வாகம் முன்கூட்டியே புரிந்துகொள்ள வேண்டும். தடை பெறுபவர், பிறகு தோற்றால் எதிர்த்தரப்புக்கு ஏற்பட்ட இழப்பை ஈடுசெய்வதாக நீதிமன்றத்துக்கு உறுதி தர வேண்டும். அதற்கு வங்கி உத்தரவாதம் கொண்டுவா என்றும் கேட்கப்படலாம். இங்கே இழப்பு என்பது, கூடுதல் விலை தருவதாகச் சொன்னவர் ஓடிவிட்டால் வரும் வித்தியாசம். அந்தத் தொகையைத் தோராயமாகக் கணக்கிட்டு, இயக்குநர் குழுவின் ஒப்புதலை இப்போதே வாங்கி வையுங்கள். உறுதி தர அதிகாரம் பெற்றவர் கிடைக்காமல் விசாரணை தள்ளிப்போவது, தவிர்க்கக்கூடிய தாமதங்களில் மிக வருத்தமானது.

எதிர்த்தரப்பு லண்டன் நிறுவனம் என்பது உங்களுக்குப் பெரிய அனுகூலம். அந்த நிறுவனத்தின் பதிவு செய்யப்பட்ட அலுவலகத்தில் வழக்குத் தாள்களைக் கொடுத்துவிடலாம். இதுவே எதிர்த்தரப்பு வெளிநாட்டில் இருந்தால், ஒப்பந்தத்தில் இங்கிலாந்து நீதிமன்ற விதி இருக்கும்போது வெளிநாட்டில் சார்வு செய்ய (வழக்குத் தாள்களை முறைப்படி சேர்ப்பிக்க) 2021 முதல் தனி அனுமதி தேவையில்லை. ஆனாலும் வெளிநாட்டில் வழக்குத் தாள் சேர்ப்பிப்பதற்கான ஹேக் உடன்படிக்கை வழியில், அந்த நாட்டு அரசின் மத்திய அதிகாரி மூலம் தாள் போய்ச் சேரவே மாதங்கள் ஆகும் நாடுகள் உண்டு. இந்தியா அவற்றில் ஒன்று. நேரடித் தபாலில் அனுப்புவதை இந்தியா ஏற்பதில்லை. அடுத்த ஒப்பந்தத்தில் ‘வழக்குத் தாள்களைப் பெற லண்டனில் இன்னாரை நியமிக்கிறோம்’ என்ற ஒரு வரியை மறக்காமல் சேருங்கள். தடையுத்தரவும் அப்படித்தான்: லண்டன் நிறுவனம் மீறினால் நீதிமன்ற அவமதிப்பு. ஆனால் எதிர்த்தரப்பு இந்தியாவில் இருந்தால் அந்த உத்தரவை அங்கே எடுத்துச் சென்று நிறைவேற்ற முடியாது, ஏனென்றால் இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவு பணத் தீர்ப்புகளுக்கு மட்டுமே. நீங்கள் தோற்றால் தர வேண்டிய வழக்குச் செலவுக்கு இப்போதே முன்பணம் கட்டு என்று எதிர்த்தரப்பு கேட்கலாம். வெளிநாட்டு நிறுவனம் என்ற ஒரே காரணத்தால் உங்களிடம் அதைக் கேட்க முடியாது, ஏனென்றால் நீதிமன்றத் தேர்வு ஒப்பந்தங்களுக்கான 2005-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சிங்கப்பூர் இருக்கிறது. இந்திய நிறுவனத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

விதிமுறைச் சுருக்கத்தை மறுபடி ஒருமுறை படியுங்கள். நீதிமன்றம் என்பதற்குப் பதில் நடுவர் மன்றம் என்று வேறெங்காவது, குறிப்பாக அவர்களுடைய பொது நிபந்தனைகளில், இருந்தால் மேலே சொன்ன பாதை மாறிவிடும். லண்டன் சர்வதேச நடுவர் மன்றத்தின் (எல்சிஐஏ) விதிகளில், முழு நடுவர் குழு அமையும் முன் இடைக்கால உத்தரவு தரும் அவசர நடுவரை மூன்று நாளில் நியமிக்கலாம். அவர் 14 நாளில் முடிவு சொல்ல வேண்டும். சிங்கப்பூர் சர்வதேச நடுவர் மையத்தின் (எஸ்ஐஏசி) 2025 விதிகளும் 14 நாள்தான் தருகின்றன. அதோடு எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்கும் முன்பே தற்காலிகப் பாதுகாப்பு உத்தரவும் கேட்கலாம். அவசர நடுவர் கிடைக்கும்போது நேராக நீதிமன்றத்துக்கு ஓடினால், அங்கே போ என்று திருப்பி அனுப்பப்படும் ஆபத்து உண்டு. ஐபிஎல் ஒளிபரப்பு வசதிக் கட்டணம் 425 கோடி ரூபாய் தொடர்பாக வேர்ல்டு ஸ்போர்ட் குரூப்பும் எம்எஸ்எம் சேட்டிலைட்டும் நடத்திய வழக்கில், சிங்கப்பூர் நடுவர் விசாரணையைத் தடுக்க எம்எஸ்எம் முயன்ற பாதை 2014-இல் இந்திய உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. ஒப்பந்தம் எங்கே போகச் சொல்கிறதோ அங்கே முதல் நாளே போவதுதான் வேகம்.

நீதிபதிக்கு நடைமுறையில் ஒரு வழியைக் காட்டுவதும் உதவும். 2004 மார்ச்சில் இந்திய அணி பாகிஸ்தான் சென்றபோது உரிமை துபாயின் டென் ஸ்போர்ட்ஸிடம் இருந்தது. தூர்தர்ஷனிலும் காட்ட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு வந்து, உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆட்டங்கள் தொடங்கும் நேரத்தில் அது ஒரு ஏற்பாடு செய்தது: டென் ஸ்போர்ட்ஸின் முத்திரையோடும் விளம்பரங்களோடும் தூர்தர்ஷன் காட்டட்டும், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி 50 கோடி ரூபாய் கட்டி வைக்கட்டும். உங்கள் வழக்கு வேறு வகை. என்றாலும் ஒப்புக்கொண்ட உரிமைக் கட்டணம் முழுவதையும் நீதிமன்றத்திலோ வழக்கறிஞர்களின் பொதுக் கணக்கிலோ இப்போதே கட்டிவைக்கிறோம் என்று நீங்கள் முன்வந்தால், ‘இவர்கள் பணம் தருவார்களா என்றே சந்தேகம்’ என்ற வாதத்துக்கு இடமில்லாமல் போகும்.

விலை விவரம் போட்டியாளருக்குத் தெரிந்துவிடுமே என்று உங்கள் விற்பனைப் பிரிவு தயங்கலாம். தொகைகளை மறைத்த பிரதியைப் பொதுவில் வைக்கவும், முழுப் பிரதியை வழக்கறிஞர்களும் பெயர் குறிப்பிட்ட சிலரும் மட்டும் பார்க்கவும் உத்தரவு கேட்கலாம். அதையும் முதல் மனுவிலேயே சேருங்கள். தனி மனு போட்டால் அதற்கொரு நாள் போகும்.

இன்று மாலைக்குள் மூன்று வேலைகள். பேச்சில் கலந்துகொண்ட எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் செய்திகள் தானாக அழியும் அமைப்பை நிறுத்தி, உரையாடல்களை முழுதாக ஏற்றுமதி செய்து வைக்கச் சொல்லுங்கள். பழைய கைபேசியை மாற்றியவர் இருந்தால் அதையும் கைப்பற்றி வையுங்கள். இந்தப் பத்து நாளில் யார் யாருக்கு எப்போது எழுதினார்கள், ஒவ்வொரு பதிலுக்கும் ஏன் அவ்வளவு நேரம் ஆனது என்று ஒரு பக்கத்தில் தேதிவாரியாக எழுதுங்கள். பேச்சுவார்த்தை உண்மையாக நடந்த பத்து நாளை நீதிமன்றம் குற்றமாகப் பார்க்காது, ஆனால் விளக்கம் இல்லாத ஐந்து நாளைப் பார்க்கும். மூன்றாவதாக, லண்டனில் வணிக நீதிமன்ற வழக்குகள் நடத்தும் வழக்கறிஞரை இன்றே தொலைபேசியில் அழைத்து, அந்த இரண்டு பக்கச் சுருக்கத்தையும் ஒப்புதல் மின்னஞ்சலையும் மட்டும் முதலில் அனுப்புங்கள். மற்ற கோப்புகள் நாளை போகலாம்.